ஒரு மணி நேர இளவரசனும் மலை உச்சிப் பாட்டும்

என் அக்கா மகன் பெங்களூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சென்ற கோடை விடுமுறைக்குச் சேலம் வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, நான் வெகுநாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டையும் கையில் எடுத்தான். ஒன்று, 1950இல் வந்த 'மந்திரி குமாரி' படம். இன்னொன்று, 1989இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற கணினி விளையாட்டு. படத்தைப் போனில் ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாட்டு வந்த இடங்களில் திரையைத் தட்டித் தட்டிப் பத்துப் பத்து நொடியாகத் தாண்டிப் பார்த்து முடித்தான். விளையாட்டை மடிக்கணினியில், பழைய விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓடவைக்கும் ஓர் எமுலேட்டரில் ஏற்றியிருந்தான். அதில் பின்னால் சுற்றுவதற்கென்று ஒரு விசை உண்டு. இளவரசன் பள்ளத்தில் விழுந்தால் அதை அழுத்துவான். விழுந்தவன் அப்படியே மேலே ஏறி வந்து விளிம்பில் நிற்பான்.

"இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன சித்தி. ஆனால் இரண்டிலும் நேரம் நிறைய வீணாகிறது. அதை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றான். அலட்சியமாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன் என்பதற்காகவே தேடிப் பார்த்தவன் அவன், யோசித்துத்தான் சொன்னான். பழையது என்றால் மெதுவானது, மெதுவானது என்றால் வெட்டலாம் என்ற கருத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். எதுவும் மனத்தில் நின்றதில்லை. இவன் சொன்னது மட்டும் போகவில்லை. சமைக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இவனோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். இவன் எடுத்துவிடச் சொன்ன அந்த நேரம்தான் இரண்டிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மலைக்குப் போகும் வழி

'மந்திரி குமாரி'யை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் போகிற எவரும் அந்த நுழைவு வளைவைப் பார்க்காமல் போவதில்லை. டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பி, 1930களின் நடுவில் இங்கே படக் கம்பெனி தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இந்த ஊரில் உருவானது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கிருந்து போனது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லாமலே தெரியும். அம்மாவுக்கோ இது வரலாறே இல்லை, பக்கத்துத் தெருச் செய்தி. கன்னங்குறிச்சியில் வளர்ந்தவள். ஸ்டுடியோவுக்குள் போகிற கார்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே தோழிகளோடு சாலையோரம் நின்றிருக்கிறாள். பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பவுடர் பூசிய கன்னம்தான் தெரியும் என்பாள்.

'மந்திரி குமாரி'யை அவள் முதலில் பார்த்தது, படம் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு டூரிங் டாக்கீஸில். மணல் தரை. ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டு இடைவேளை விடுவார்கள். படம் ஊரை விட்டுப் போய்விட்டால் மறுபடி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. கையில் மிஞ்சுவது பாட்டுப் புத்தகம் மட்டும்தான். பிறகு இலங்கை வானொலியில் அந்தப் படத்தின் பாட்டு எப்போதாவது வரும். வந்தால் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள். ஒரு படத்தை ஒரே ஒரு முறைதான் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்து உட்காருகிற கூட்டம் அது. படத்தை எடுத்தவர்களுக்கும் அது தெரியும். வசனத்தை ஏன் அப்படி ஓங்கிச் சொன்னார்கள், சொன்னதையே ஏன் வேறு வார்த்தையில் மறுபடி சொன்னார்கள், ஒரு முகத்தை ஏன் அவ்வளவு நேரம் காட்டினார்கள் என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் காரணம் இதுதான். பார்ப்பவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் அவர் மனத்தில் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் போனது போனதுதான்.

இப்போது அந்த மலை உச்சிக் காட்சி. தமிழ் வாசகர்களுக்குக் கதை தெரியும். குண்டலகேசியிலிருந்து வந்தது. கொள்ளைக்காரன் பார்த்திபன் தன் மனைவி அமுதவல்லியைக் கொல்வதற்காக மலைக்கு அழைத்துப் போகிறான். போகும் வழியில் 'வாராய் நீ வாராய்' பாட்டு. ஜி. ராமநாதனின் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. ஏற்காட்டு மலையில் எடுத்தது என்று எங்கள் ஊரில் தலைமுறையாகச் சொல்வார்கள். உச்சியில் அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் கடைசி ஆசையாகக் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். மூன்றாம் சுற்றில் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். எஸ்.ஏ. நடராஜன், மாதுரி தேவி இருவரும் நடித்த அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தை நான் வைத்துக் கும்பிடுவேன். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக இருக்கிறார், கருணாநிதியின் வசனம் இருக்கிறது, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் தொடங்கிய படத்தை அவர் தாய்நாடு திரும்பிய பிறகு சுந்தரமே முடித்தார் என்ற சுவாரசியமான சரித்திரமும் இருக்கிறது. ஆனால் என் மனத்தில் நிற்பது கதாநாயகன் இல்லாத இந்த இடம்தான்.

பாட்டைத் தாண்டிப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒருவன் ஒருத்தியை மலைக்கு அழைத்துப் போனான், கொல்லப்போகிறேன் என்றான், அவள் தந்திரமாக அவனைத் தள்ளிவிட்டாள். ஒரு நிமிடச் செய்தி. பாட்டோடு பார்க்கிறவருக்கு அப்படி இல்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியும். அவன் குரலோ அவ்வளவு இனிமையாக இருக்கிறது. அவள் அந்தக் குரலின் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறாள். மெட்டு நம்மையும் அழைக்கிறது. நாமும் அவனுடைய அழைப்புக்குத் தலையாட்டிக்கொண்டே மேலே போகிறோம். அந்தக் குரலில் மயங்குவது எவ்வளவு எளிது என்பதை அமுதவல்லியைப் பார்த்து நாம் தெரிந்துகொள்வதில்லை, நம்மையே பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அதனால்தான் உச்சியில் அவன் குரல் மாறும்போது உடம்பு அதிர்கிறது. அதன் பிறகு அவள் சுற்றுகிற மூன்று சுற்றும் கதைக்குத் தேவையான அளவை விட நீளமாகத் தோன்றும். அந்த நீளத்தில்தான் அவள் மனைவியாக இருப்பதிலிருந்து வெளியே வருகிறாள். பத்து நொடியைத் தட்டித் தாண்டுகிற விரலுக்கு இதில் எதுவும் கிடைக்க வழியில்லை.

மாடியில் இரண்டு கணினிகள்

விளையாட்டுக்கு வருகிறேன். 1990களின் நடுவில் செவ்வாய்ப்பேட்டையில் நான் டைப்ரைட்டிங் பழகப் போன இன்ஸ்டிடியூட்டில், தட்டச்சு இயந்திரங்களுக்கு நடுவே இரண்டு கணினிகள் வந்து இறங்கின. கறுப்பு வெள்ளைத் திரை. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் மூன்றும் சேர்த்து ஒரு சான்றிதழ் வகுப்பு. வகுப்பு முடிந்து சார் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் விளையாட விடுவார். யாரோ ஒரு பிளாப்பியில் கொண்டுவந்திருந்த இளவரசன் அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமானான். ஊரில் வேறு பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியில் கேசட் செருகி மரியோவும் கான்ட்ராவும் ஆடிக்கொண்டிருந்த காலம். எங்களுக்கு அந்தப் பெட்டி வாய்க்கவில்லை. எங்களுக்கு வாய்த்தது நிலவறை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜாபர் என்ற மந்திரி இளவரசியைச் சிறைப்படுத்தி, தன்னை மணக்க ஒரு மணி நேரக் கெடு வைக்கிறான். நிலவறையில் கிடக்கும் இளைஞன் அந்த 60 நிமிடத்துக்குள் 12 லெவல்களைக் கடந்து அவளிடம் போய்ச் சேர வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செத்தால் உயிர் திரும்பக் கிடைக்கும், அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து மறுபடி எழுந்து நிற்பான். கடிகாரம் மட்டும் திரும்பாது. எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம், ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் நிமிடங்களால் விலை கொடுக்க வேண்டும். ஆட்டத்தை வழியில் சேமித்து வைக்க ஒரு வசதி இருந்தது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. தெரிந்த பிறகும், சேமிப்பது அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் நிமிடங்களையும் சேர்த்துத்தான் என்பதால், வீணாக்கியவர்களை அது காப்பாற்றவில்லை.

அக்கா மகனின் முதல் புகார் இளவரசன் சொன்ன பேச்சு உடனே கேட்பதில்லை என்பது. உண்மைதான். விசையை அழுத்தினால் மரியோ அதே நொடியில் துள்ளுவான். இளவரசன் ஓடத் தொடங்கவும் ஒரு கணம் எடுத்துக்கொள்வான், நிற்கவும் இரண்டு அடி எடுத்துக்கொள்வான். காரணம், அவனுக்குள் ஒரு மனித உடம்பு இருக்கிறது. விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், 1985இல் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடை உடுத்தி ஓடவும் தாவவும் ஏறவும் சொல்லி வீடியோவில் எடுத்தார். அந்தப் படத்தை ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து வரைந்தார். வாள் வீச்சுக்கு எரால் ஃபிளின் நடித்த 1938ஆம் ஆண்டு ராபின் ஹூட் படத்தின் இறுதிச் சண்டையை எடுத்துக்கொண்டார். ஆக, எங்கள் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் ஓடிக்கொண்டிருந்தவன் பாதி விளையாட்டு, பாதி சினிமா. உடம்புள்ளவன் விளிம்புக்கு வரும்போது மெதுவாகத்தான் வர முடியும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் ஒவ்வோர் அடியாக எடுத்துவைப்பான். பள்ளத்தின் ஓரத்தில் அப்படி அடி அளந்து நின்று, அங்கிருந்து பின்னுக்கு வந்து ஓடித் தாவி, எதிர்ப்பக்கத்துக் கல்லின் விளிம்பை விரலால் பற்றித் தொங்குகிற அந்த நொடிக்கு ஈடாக எதையும் நான் பிறகு எந்த விளையாட்டிலும் அனுபவிக்கவில்லை. தட்டச்சு இயந்திரங்களின் சத்தம் நின்று, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே திரையைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

எங்களில் ஒரு பையனுக்கு ஒரு ரகசியம் தெரியும். ஆட்டத்தைத் தொடங்கும்போது அதன் பெயரோடு 'மெகாஹிட்' என்று சேர்த்து அடித்தால் லெவல்களைத் தாண்டலாம், நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை மாலை அப்படியே தாண்டித் தாண்டிப் போய் இளவரசியைக் கட்டிப்பிடித்துக் காட்டினான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். திங்கட்கிழமை எல்லோரும் முதல் லெவலிலிருந்து தொடங்கினோம். அந்தப் பையனும்தான்.

ஒருவனே இருவராவது

பின்னால் சுற்றுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் 'உத்தமபுத்திரன்' எடுத்தது. பி.யு. சின்னப்பா அதில் இரட்டைப் பிறவிகளாக நடித்தார். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று பரவலாகச் சொல்லப்படுவது அது. அந்தக் காலத்தில் ஒரே ஆள் ஒரே பிரேமில் இரண்டு பேராக நிற்பதற்கு ஒரு வழி இருந்தது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு நடிகரை மறுபாதியில் நடிக்கவைத்துப் பதிவு செய்வார்கள். பிறகு கேமராவுக்குள் இருக்கும் பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னால் சுற்றுவார்கள். மறைப்பைப் பக்கம் மாற்றி, நடிகருக்கு உடை மாற்றி, அதே பிலிமின் மேல் மறுபடி எடுப்பார்கள். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். நடிகர் காலியிடத்தைப் பார்த்து, அங்கே தானே பிறகு வந்து சொல்லப்போகும் பதிலுக்கு நேரம் விட்டுப் பேச வேண்டும். இவ்வளவு பாடும் எடுப்பவர்களோடு. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்குப் படம் முன்னால் மட்டும்தான் ஓடியது.

மெக்னருக்கும் அதே நெருக்கடி வந்தது. ஆட்டத்தில் மோதல் போதவில்லை, எதிரி வேண்டும் என்று உடன் வேலை செய்தவர் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்திலோ இளவரசனின் அசைவுகளே இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. இன்னொரு ஆளை வரைந்தால் வைக்க இடமில்லை. ஆகவே இளவரசனின் உருவத்தையே எடுத்து, அதைச் சற்று நகர்த்தி அதன் மேலேயே பொருத்தி, ஒளிரும் நிழல் உருவம் ஒன்றைப் பிறப்பித்தார். நான்காவது லெவலில் வழியை மறித்து ஒரு நிலைக்கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்தால் கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து நிழல் வெளியே ஓடிப்போகும், இளவரசனின் உயிர் ஒரே ஒரு புள்ளிக்கு இறங்கிவிடும். அதன் பிறகு அந்த நிழல் உங்களுக்கான மருந்தைக் குடித்துவிட்டு ஓடும். நீங்கள் தாவும்போது கதவை மூடிப் பள்ளத்தில் தள்ளும். 12ஆவது லெவலில் வாளோடு நேருக்கு நேர் வந்து நிற்கும்.

12ஆவது லெவல்

அக்கா மகன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு மின்வெட்டு முடிந்த மாலையில். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவன் நிழலை வாளால் குத்தினான். தன் உயிர்ப்புள்ளி ஒன்று குறைந்தது. மறுபடி குத்தினான், மறுபடி குறைந்தது. கடைசிக் குத்தில் நிழலோடு இளவரசனும் விழுந்தான். விசையை அழுத்திப் பின்னால் சுற்றினான். இந்த முறை வேகமாகக் குத்தினான். விழுந்தான். சுற்றினான். தள்ளி நின்று, தடுத்துத் தடுத்துக் குத்தினான். விழுந்தான். எனக்கு விடை தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவனிடம் இப்போது நேரத்துக்குப் பஞ்சமே இல்லை, தவறுக்கு விலையும் இல்லை. எத்தனை முறை பின்னால் போனாலும் அவன் கொண்டுபோனது அதே வாள், அதே எண்ணம்.

செவ்வாய்ப்பேட்டையில் இதற்கு வழி கண்டவள் என் தோழி. அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது நான்கு நிமிடம்தான் மிச்சம். இரண்டு முறை குத்திப் பார்த்தாள். சண்டை போட நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாளை உறையில் போட்டுவிட்டு, அவனைத் தாண்டி ஓடிவிடப் பார்த்தாள். ஓடியவள் நிழலின் மேல் மோதினாள். மோதிய இடத்தில் இருவரும் ஒருவரானார்கள். மாடி அதிரும்படி கத்தினோம். சார் எழுந்து வந்துவிட்டார். அந்த வழியை அவளுக்குக் காட்டியது கடிகாரம்தான். நேரம் அவ்வளவு குறைவாக இல்லாமல் இருந்திருந்தால் அவளும் இவனைப் போலக் குத்திக்கொண்டேதான் இருந்திருப்பாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே எங்கள் வீட்டில் வழி சொன்னது அம்மா. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "அவனும் இவனும் ஒருவன்தானே? எதற்காக வெட்டிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"அது எதிரி பாட்டி" என்றான்.

"ஒரே உடம்பு, ஒரே நடை. அண்ணன் தம்பியாக இருந்தால் கடைசியில் சேர்த்துத்தானே வைக்க வேண்டும்? வாளைக் கீழே போடச் சொல்லு."

கணினியில் விசை எது, அம்புக்குறி எது என்று அறியாதவள். ஆனால் சின்னப்பாவில் தொடங்கி எத்தனையோ இரட்டை வேடங்களைக் கண்டவள். ஒரே முகம் எதிரெதிரே வாளோடு நின்றால் கதை எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இவன் கீழ் அம்புக்குறியை அழுத்தினான். இளவரசன் வாளை உறையில் இட்டான். நிழலும் இட்டது. இவன் நடந்து போனான்.

அடுத்து ஒரு பெரிய வெற்றிடம். தரை முடிந்து, எதிரே எதுவும் இல்லை. "வழி அடைபட்டிருக்கிறது சித்தி, எங்கேயோ கதவு திறக்கிற ஒரு பலகையை மிதிக்காமல் விட்டிருக்கிறேன்" என்று திரும்பிப் போகப் பார்த்தான். "ஓடு" என்றேன். "விழுந்துவிடுவான்." "ஓடு. ஓடுவதற்கு முன் அந்தச் சுற்றுகிற விசையிலிருந்து விரலை எடுத்துவிடு." என் முகத்தைப் பார்த்தான். விரலை எடுத்தான். இளவரசன் விளிம்பைத் தாண்டி வெறும் இருட்டின் மேல் கால் வைத்தான். காலுக்குக் கீழே ஒரு கல் வந்தது. அடுத்த அடிக்கு அடுத்த கல். ஓட ஓடத் தரை வந்துகொண்டே இருந்தது.

விரலை எடுக்காமல் ஓடியிருந்தாலும் அந்தக் கற்கள் வந்திருக்கும். நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவன் கழுத்து நரம்பு அப்படிப் புடைத்திருக்காது, மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருக்க மாட்டான். அந்த இடத்தை எழுதியவர், திரும்பி வர முடியாத ஒருவனை மனத்தில் வைத்து எழுதினார். டூரிங் டாக்கீஸின் மணலில், இனி எப்போது பார்ப்போமோ என்று உட்கார்ந்திருந்த பெண்களை மனத்தில் வைத்துத்தான் சுந்தரமும் டங்கனும் அந்த மலைப் பாட்டை அவ்வளவு நீளமாக வைத்தார்கள். இவன் வீண் என்று சொன்ன நேரம், அப்படிப்பட்டவர்களுக்கு அளந்து கொடுத்தது. வாரக்கணக்கில் நான் தேடிக்கொண்டிருந்த பதில் எனக்கு அப்போதுதான் வார்த்தையாக வந்தது. அவனிடம் அதை அன்று சொல்லவில்லை. எழுந்து நிற்கிறவனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். இவனே தொலைக்காட்சியில் போட்டான், முழு நீளத்தில், உள்ளபடியான வேகத்தில். பாதிப் பாட்டில், "அவளுக்குத் தெரியவே தெரியாதா சித்தி?" என்று கேட்டான். முன்பு ஒருமுறை முழுப் படத்தையும் பார்த்து முடித்தவன். அப்போது இந்தக் கேள்வி எழ அவனுக்கு இடமே இருந்திருக்காது. பாட்டு முடிந்ததும் அம்மா, "இன்னொரு தடவை முதலிலிருந்து போடு" என்றாள். அப்போதும் பின்னால்தான் சுற்றினோம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் சுற்றுவதே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அம்மா பின்னால் போவது, கண்டதை இன்னும் ஒருமுறை காண்பதற்காக. அக்கா மகன் பின்னால் போய்க்கொண்டிருந்தது, நடந்ததை நடக்காததாக்குவதற்காக. இரண்டுக்கும் விசை ஒன்றுதான்.

விரல்கள் ஒத்துழைக்காதவர்களுக்கு அந்த விசை ஒரு பெரிய உதவி என்பதையும் மறுக்க மாட்டேன். பழைய விளையாட்டுகளைச் செய்தவர்களே இரக்கம் இல்லாதவர்கள் அல்லர். கான்ட்ராவில் 30 உயிர் தரும் அந்தப் புகழ்பெற்ற விசை வரிசை, 1986இல் வீட்டுப் பெட்டிக்கு வந்த 'கிரேடியஸ்' விளையாட்டுக்காக கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர் வைத்தது. சோதித்துப் பார்க்க அவருக்கே ஆட்டம் கடினமாக இருந்ததாம். அதேபோல, பழைய படங்களில் உள்ள எல்லா நிமிடங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதிகளைக் கொண்ட படங்கள் எங்கள் ஊர் ஸ்டுடியோவிலிருந்தும் வந்திருக்கின்றன. அவற்றை வேகமாக ஓட்டுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் முறை பார்க்கும்போது மட்டும் ஓட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எது ஒட்டவில்லை என்பது முழுதாகப் பார்த்த பிறகுதான் தெரியும். மலைப் பாட்டைத் தாண்டிய விரலுக்கு அதுவும் ஒட்டாத பகுதியாகத்தான் தெரிந்தது.

அக்கா மகன் ஊருக்குப் போன பிறகு விளையாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான், சுற்றுகிற விசையை அமைப்பிலேயே நீக்கிவிட்டு. சென்ற வாரம் செய்தி அனுப்பியிருந்தான்: "ஒன்பதாவது லெவல், 11 நிமிடம்தான் மிச்சம். போதுமா சித்தி?" போதாது என்று எழுதினேன். ஆனாலும் கடிகாரம் தீரும் வரை போய்ப் பார், மிச்ச லெவல்களின் வழியில் கொஞ்சமாவது தெரிந்துவிடும், நாளை முதல் லெவலிலிருந்து தொடங்கும்போது அங்கே நிமிடம் மிச்சப்படும் என்றும் சேர்த்து எழுதினேன்.